கரண்டு வேலியும் அண்ணன் பேசாத ஒரு வருஷமும்

1

பங்குனி பாதியோடு என் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் முடிந்தது. அன்றைக்குக் காலையிலும் நான் வழக்கம்போல வேலி மாற்றிக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தெற்கு ஓரத்தில். வேலை ஆட்டுப்பண்ணையில். அருப்புக்கோட்டையிலிருந்து யார் போன் போட்டாலும், "ஏம்மா மாரி, அங்க போயும் ஆடுதான் மேய்க்கிறியாம்ல" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஆடு தன்பாட்டுக்கு மேய்ந்துகொள்கிறது, நான் வேலியைத்தான் மேய்க்கிறேன் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் நடப்பது அதுதான்.

இடுப்பு உயரத்துக்கு நாலைந்து நூல்கம்பி. பிளாஸ்டிக் கயிறுதான், உள்ளே மயிர்போல உலோக இழை ஓடும். மூன்று முழ நீளக் குச்சிகளை மண்ணில் மிதித்து ஊன்றி, அதில் கம்பியை மாட்டிக்கொண்டே போகவேண்டும். ஓரத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு பேட்டரி. பெட்டி நொடிக்கு ஒருதரம் 'டிக்' என்று ஒரு தட்டு தட்டும். ஆடு மூக்கை நீட்டித் தொட்டால் சுள்ளென்று ஒரு அடி, அவ்வளவுதான். சாகாது, காயம் படாது. மறுநாளிலிருந்து அந்தக் கம்பிப் பக்கமே போகாது. முந்நூறு ஆட்டை நாலு நூல் கட்டி வைத்திருக்கிறது என்றால் நம்ம ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் முதலில் நம்பவில்லை.

தினமும் காலையில் அந்த வேலியைப் பிடுங்கிப் பத்துப் பன்னிரண்டு எட்டு தள்ளி நடவேண்டும். ஆடுகள் புதுப் புல்லுக்குள் வரும். நேற்றுத் தின்ற இடம் பின்னால் நிற்கும். மழை, சேறு, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். நான் வந்து பதினோரு வருஷத்தில் என் காலடியில் தூசி பறந்து பார்த்ததில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு காலையில் முதலாளியம்மாவிடம், "கரண்டு வந்துருச்சா?" என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எங்கிருந்து வரவேண்டும் என்று திருப்பிக் கேட்டார். கரண்டு என்றால் போகும், வரும் என்று அவருக்கு விளக்க எனக்கு அப்போது இங்கிலீஷ் பத்தவில்லை. இப்போது இங்கிலீஷ் இருக்கிறது, ஆனால் கேட்பதற்கு அவசியம் இல்லை.

2

அண்ணன் பேர் அழகர்சாமி. திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலி வேலைதான். அண்ணன்தான் நாலு ஆட்டில் ஆரம்பித்து நூற்றி இருபதில் கொண்டுவந்து நிறுத்தியவர். எல்லாம் வேம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் சிவப்புப் பொட்டு, நெட்டைக் கால், எங்கே வேண்டுமானாலும் நடக்கும்.

கிடை போடுவதுதான் அவர் பிழைப்பில் பாதி. வெளியூர்க்காரர்கள் படித்தால் தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: அறுவடை முடிந்த காட்டில் ராத்திரிக்கு ஆடுகளை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண்ணுக்கு உரம். நிலத்துக்காரர்கள் கூப்பிட்டுப் போடச் சொல்வார்கள். இன்றைக்கு ஒரு இடம், நாளைக்குப் பத்தடி தள்ளி. ஆட்டுக்காரர் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக் காவல் இருக்கவேண்டும். நாய் வரும், நரி வரும், திருடனும் வருவான். அதையெல்லாம் விடப் பெரிய பயம், ஆடு எழுந்து அடுத்தவன் வெள்ளாமையில் வாய் வைத்துவிடும் என்பதுதான். "அழகரு கிடைன்னா நிம்மதியாத் தூங்கலாம்" என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அந்தப் பேர் அண்ணனுக்கு ஆட்டைவிடப் பெரிய சொத்து.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். "இன்னைக்கு எங்கண்ணே கிடை?" என்பேன். "ஒனக்கு எங்க வேலி?" என்பார். அவர் பத்தடி நகர்ந்திருப்பார், நானும் பத்தடி நகர்ந்திருப்பேன். வேறு பெரிதாகப் பேசமாட்டோம். அந்த ரெண்டு கேள்விதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

அண்ணனோடு இருபது வருஷமாகக் கூட்டுச் சேர்ந்து கிடை காத்தவர், குமாரலிங்கபுரம் பக்கம் வாட்ச்மேன் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் அண்ணன் தனி ஆளாகிவிட்டார். பகலெல்லாம் மேய்ச்சல், ராத்திரியெல்லாம் காவல். அண்ணன் பெண்டாட்டி ராக்கு மதினி போனில் அழுதார்.

"சோத்துல கைய வச்சமேனிக்குத் தூங்குறாக மாரி. நேத்து தட்டுலயே சரிஞ்சிட்டாக. ஆட்ட வித்துருங்கன்னா என்னைய அடிக்க வாராக."

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் யோசனை என்பதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கேட்கவில்லை, மதினியும் கேட்கவில்லை.

3

பண்ணையில் பழைய பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. கூட நாலு சுருள் கம்பி. முதலாளியம்மாவிடம் கேட்டேன், எடுத்துக்கோ என்றார். பார்சல் போட்டேன்.

பார்சல் நம்ம நாட்டுக்குள் வந்ததும் நின்றுவிட்டது. இது என்ன சாதனம், எதற்குப் பயன்படும், கடிதம் எழுதி அனுப்பவும் என்று தகவல் வந்தது. ஆடுகளை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதற்கான மின்சார வேலி என்று இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். அதற்கு மேலும் சந்தேகம் தீராமல், ஒரு அதிகாரி அண்ணனுக்கே போன் செய்திருக்கிறார்.

"ஆட்டுக்கு எதுக்குப்பா கரண்டு?"

"எனக்கும் தெரியல சார். தங்கச்சி அனுப்பியிருக்கு" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். இந்தப் பதிலில் அந்த ஆளுக்கு என்ன திருப்தியோ, ஒரு வாரத்தில் பார்சல் வந்து சேர்ந்தது. பந்தல்குடியில் ஒரு கடையில் பழைய பைக் பேட்டரி வாங்கி மாட்டினார்கள்.

வீடியோ காலில் நான்தான் வாத்தியார். வீட்டு முன்னால் குழாயடி ஓரமாகக் குச்சி ஊன்றச் சொன்னேன். எர்த்துக் கம்பியை மண்ணில் இறக்கச் சொன்னேன். அது முக்கியம். பெட்டியிலிருந்து கிளம்பும் கரண்டு கம்பி வழியாக ஆட்டுக்குள் போய், ஆட்டின் கால் வழியாக மண்ணுக்குள் இறங்கி, மண் வழியாகவே எர்த்துக் கம்பிக்குத் திரும்பி வரவேண்டும். அந்தச் சுற்று முடிந்தால்தான் அடி விழும். முதலாளியம்மா எனக்கு முதல் நாளே சொல்லித்தந்த பாடம். நான் கிளி மாதிரி அப்படியே ஒப்பித்தேன்.

ஊரே கூடிவிட்டது. ஒவ்வொருத்தராகத் தொட்டுப் பார்த்து, துள்ளி, பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். மதினி மட்டும் தொடவில்லை. அண்ணன் கடைசியாகத் தொட்டார். கையை உதறிக்கொண்டு, "நல்லாத்தான் கடிக்குது" என்றார். ஆடுகளை ரெண்டு நாள் அங்கேயே அடைத்துப் பழக்கினார்கள். மூக்கில் வாங்கிய ஆடுகள் முற்றத்து நடுவில் போய்க் கும்பலாக நின்றன. போன் திரையில் அதைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. பால்பண்ணை வேலை முடிந்து வந்த எங்கள் வீட்டுக்காரரிடம் மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் தூங்கிவிட்டார்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, போலீஸ்காரர் ஒருத்தர் பைக்கில் வந்தார். அவர் மேல் தப்பில்லை. காட்டுப்பன்றிக்கு என்று லைனிலிருந்து கரண்டை இழுத்து வேலியில் விட்டு, இருட்டில் நடந்து வந்த மனுஷன் ஒட்டிக்கொண்டு செத்துப்போனது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கரண்டு வேலி என்றால் நம் ஊர் அர்த்தம் அதுதான்.

"எந்தப் போஸ்ட்ல கொக்கி போட்ட?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் பேட்டரியைக் காட்டினார். போலீஸ்காரர் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க தோட்டத்துக்கு ஒண்ணு வரவழைக்க முடியுமாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

4

அந்த வாரம் கிடை, ஊருக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டில். அதை ஒட்டி சரசக்காவின் மல்லிகைத் தோட்டம். சரசக்கா பாளையம்பட்டிப் பக்கத்து நெசவுக்குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தறியை விட்டுவிட்டுத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து, கிணற்றுத் தண்ணீரை ஒவ்வொரு செடிக்கும் பங்கு வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார். பங்குனி, பூ வரும் நேரம்.

அண்ணன் வேலியைக் கட்டினார். நான் போனில், "இனிமே படுத்துத் தூங்குங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் படுத்தார். எத்தனையோ மாதத் தூக்கம், ஒரேயடியாக அமுக்கிவிட்டது. விடிந்து பார்த்தால் ஆடுகள் அத்தனையும் மல்லிகைக்குள் நின்றன. வேலி சாய்ந்து கிடந்தது. பெட்டி மட்டும் டிக் டிக் என்று தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்ததாம்.

அண்ணன் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"மாரி, ஒம் பேச்சக் கேட்டு நான் தூங்கிட்டேன்."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? ஐயோ என்று சொல்லியிருக்கலாம். சரசக்காவிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "எர்த்தச் சரியா ஊனிருக்க மாட்டீக. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல."

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

சரசக்காவின் நஷ்டத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை வைத்துப் பேசினார்கள். அந்த வருஷம் முழுக்க வேறு எங்கே கிடை போட்டாலும், முதலில் சரசக்கா சொல்லும் நிலத்தில் போட்டுத் தரவேண்டும் என்று முடிவு. அண்ணன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு சரி என்றாராம். யாரும் அவரைத் திட்டவில்லை. சரசக்காவும் திட்டவில்லை, "வேற யாரு ஆடாவது இருந்தா நறுக்குனு நாலு கேட்டிருப்பேன். அழகரண்ணன என்னத்தச் சொல்ல" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால் அண்ணனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மதினி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து இங்கே மழையில் எர்த்துக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சேறு சளக்கென்று விட்டது, கம்பியின் நுனியில் தண்ணீர் சொட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈர மண்ணில்தான் கரண்டு திரும்பி வரும். குழாயடியில் ஈரம் இருந்தது, வேலை செய்தது. பங்குனியில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். அந்த மண்ணில் எர்த்தை எத்தனை அடி இறக்கினாலும் கரண்டு எப்படித் திரும்பும்? ஆட்டுக்குக் கொசு கடித்த அளவுக்குக்கூட உறைத்திருக்காது.

அண்ணன் மேல் ஒரு தப்பும் இல்லை. திருச்சுழி மண்ணில் பிறந்து, பதினெட்டு வயது வரைக்கும் அந்த வெடிப்பில் கால் மாட்டி நடந்தவள், பங்குனியில் அங்கே ஈரம் இருக்காது என்பதை மறந்துபோனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

5

மன்னிப்புக் கேட்டு வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன், மறுபடி நீலக் கோடு. மனுஷன் கேட்கிறார், அழிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் மதினி எடுப்பார். "பக்கத்துலதான் இருக்காக. பேச மாட்டாகளாம்" என்பார். பின்னால் ஆடு கத்தும் சத்தம் கேட்கும்.

என் மகள் தேன்மொழிக்கு வயது பதினைந்து. நாங்கள் வந்தபோது நாலு. அவளிடம் ஒருதரம் கிடை என்றால் என்ன என்று விளக்கினேன். "ஆடுங்களுக்கு ஸ்லீப் ஓவரா?" என்று கேட்டாள். இங்கே பிள்ளைகள் தோழி வீட்டில் போய் ராத்தங்குவதற்கு அந்தப் பேர். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். என்னைவிட அவள் இந்த ஊர்க்காரி. அது பற்றி எனக்குப் பெரிய புலம்பல் ஒன்றும் இல்லை, அவள் வளர்ந்தது இங்கே. ஆனால் மாமா ஏன் பேசுவதில்லை என்று அவள் கேட்டபோது நான் சொன்ன காரணம் அவளுக்குப் புரியவே இல்லை. சாரி சொன்னீங்கல்ல, அப்புறம் என்ன என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் சாரி சொன்னால் கணக்கு முடிந்தது. எங்கள் வீட்டில் அது ஆரம்பம்கூட இல்லை.

ஏப்ரலில் பள்ளிக்கூட விடுமுறை. அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்று வாரம். ஊருக்குப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அண்ணனைப் பேச வைக்கப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

6

பஸ்ஸை விட்டு இறங்கினோம். அண்ணன் நிறுத்தத்துக்கு வந்து நின்றார். பெட்டியை வாங்கிக்கொண்டார். தேன்மொழியைப் பார்த்துச் சிரித்து, "வாம்மா" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் மதினியிடம், "அவளச் சாப்பிடச் சொல்லு" என்றார். மதினி என்னிடம் திரும்பி, "ஒன்னையச் சாப்பிடச் சொன்னாக" என்றார். நான் மதினியிடம், "அவுக சாப்பிட்டாகளான்னு கேளுங்க மதினி" என்றேன். ரெண்டு எட்டு தூரம்தான். தேன்மொழி டென்னிஸ் பார்ப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஒரு வாரம் இப்படியே போனது. காபி வேணுமா, ஃபேனைக் கூட்டவா, கொசுவத்தி எங்கே, எல்லாம் மதினி வழியாகத்தான். ஒரு கட்டத்தில் மதினி அலுத்துப்போய், "எனக்குச் சம்பளம் போட்டுக் குடுங்க ரெண்டு பேரும்" என்றார்.

வேலி மாட்டுக்கொட்டகையில் சாக்குச் சுற்றிக் கிடந்தது. தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதுவே எனக்குக் கொஞ்சம் தைரியம்.

காய்ந்த மண்ணுக்கு வேறு வழி இருக்கிறது. வருவதற்கு முன் முதலாளியம்மாவிடம் விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தேன். மண்ணை நம்பவே கூடாது. ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியை எர்த்தோடு இணைத்துவிட வேண்டும். ஆடு தலையை நுழைத்தால் ரெண்டு கம்பியும் சேர்ந்து படும், மண் எப்படி இருந்தாலும் அடி விழும். எட்டாம் நாள் காலை, அண்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தண்ணீர் காட்டக் கண்மாய்ப் பக்கம் போன நேரத்தில், வேலியைத் தூக்கிக்கொண்டு அதே கரிசல் காட்டுக்குப் போனேன். தேன்மொழி பேட்டரியைத் தூக்கி வந்தாள். ரெண்டு பேருமாகக் கட்டி முடித்தோம். அவள் கை வேலையில் நல்ல சுத்தம், அது நான் எதிர்பார்க்காதது.

சரசக்கா மல்லிகைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், வரப்புக்கு வந்தார்.

"மறுபடியுமா? ஒரு வருசம் போதாதா ஒனக்கு?"

"இந்தத் தடவ சரியா இருக்குக்கா."

"போன தடவயும் இதத்தான சொன்ன. நீ பாட்டுக்குச் சொல்லிட்டு ஏரோப்பிளேன் ஏறிப் போயிருவ. அவுக பட்ட பாடு எனக்குல்ல தெரியும். என் மொகத்தப் பாக்க மாட்டாக. நான் வாரேன்னு தெரிஞ்சா வேற பாதையில போவாக."

இது எனக்குத் தெரியாத சேதி. என்னோடு மட்டும்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதும் எனக்கு வீம்புதான் வந்தது.

"பாத்துக்கங்கக்கா" என்று ஒரே கையை வேலியில் வைத்தேன். விரல்கள் மேல் கம்பியில், மணிக்கட்டுக்குப் பின்னால் அடுத்த கம்பி. சுள்ளென்று விழுந்தது. தோள் வரைக்கும் துள்ளியது. நொடி கழித்து மறுபடி. இது நம் ஊர் கரண்டு மாதிரி ஆளைப் பிடித்து இழுக்காது, நினைத்தால் கையை எடுக்கலாம். எனக்கு எடுக்க மனமில்லை. பத்து அடி வாங்குவது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு வருஷத்துக்குப் பத்து அடி அதிகமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். பேச வாய் வரவில்லை, கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது.

ஆறு எண்ணியிருப்பேன். அண்ணன் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை. கண்மாய்ப் பக்கத்திலிருந்து வந்தவர் கண்ணில் பட்டது என்ன? கரண்டு வேலியில் தங்கச்சி கை ஒட்டிக்கொண்டு உடம்பு துள்ளுகிறது. கரண்டில் ஒட்டிய ஆளைக் கையால் தொடக்கூடாது, காய்ந்த கம்பால் அடித்துப் பிரிக்கவேண்டும். இது நம் ஊரில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவர் கையில் ஆட்டுக்கம்பு இருந்தது. வேப்பங்கம்பு, நன்றாகக் காய்ந்தது. ஓடி வந்த வேகத்தில், முழு பலத்தோடு என் மணிக்கட்டில் ஒரு அடி.

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் எதிரில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. தேன்மொழி இங்கிலீஷில், இது விட்டுவிட்டு வரும் பல்ஸ்தான் மாமா, ஆளைக் கொல்லாது மாமா என்று என்னென்னவோ கத்தினாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு பேசினார்.

"கிறுக்கச்சி. நீ போய்ச் சேந்துட்டா நான் யாருகூடடி பேசாம இருப்பேன்?"

சரசக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் அழுதேன். கை வலியில் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். வழி நெடுகப் பேச்சு. போன தீபாவளிக்கு ரெட்டைக் குட்டி போட்ட ஆடு, மதினியின் முழங்கால் வலி, போலீஸ்காரர் இன்னும் வேலி கேட்டு நச்சரிப்பது, சரசக்காவின் பூ இந்த வருஷம் போன வருஷத்தைவிட நன்றாக வந்தது, கிடை போட்டதால்தான் என்று அந்த அம்மாவே மதினியிடம் சொன்னது. ஒரு வருஷத்துக்கு உண்டான பேச்சு அத்தனையும் அந்த ஆட்டோவில் இறக்கினார். இடையிடையே, "வலிக்குதா?" என்று கேட்டார். எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல். மாவுக்கட்டுப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அதே வேலிக்குள் ஆடுகளை விட்டார்கள். நாலைந்து ஆடு மூக்கில் வாங்கித் திரும்பி ஓடியது. இப்போது கிடைக்கு அந்த வேலிதான். பக்கத்தில் கட்டிலும் போட்டுக்கொள்கிறாராம். வேலியை நம்புகிறார், ஆனால் என் பேச்சைக் கேட்டு நம்புவதில்லை என்று மதினி சொன்னார். எனக்கு அது போதும்.

7

இங்கே திரும்பி வந்ததும் கட்டைப் பிரித்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடிபட்டு வேலைக்குப் போகமுடியாமல் இருப்பவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. ஒரு நர்ஸ் கேட்கக் கேட்க நான் பதில் சொல்லவேண்டும். இளம்பெண், நல்ல மாதிரி.

எப்படி அடிபட்டது என்று கேட்டாள். அண்ணன் கம்பால் அடித்தார் என்றேன்.

அவள் தலை நிமிர்ந்தாள். தவறுதலாகப் பட்டுவிட்டதா என்று கேட்டாள். இல்லை, குறி பார்த்துத்தான் அடித்தார் என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். ஏன் அடித்தார் என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அடித்தார், என் மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்றேன். இதைக் கேட்டதும் அவள் முகம் இன்னும் வாடிவிட்டது. கரண்டு, வேலி, காய்ந்த கம்பு என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பார்த்தேன். அவள் என் நல்ல கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்து, அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றாள். மேசைக்குள்ளிருந்து வேறு நிறத்தில் இன்னொரு படிவத்தை எடுத்தாள். வீட்டு ஆம்பளையிடம் அடி வாங்கிவிட்டு வரும் பெண்கள் நிறையப் பேரை அவள் பார்த்திருப்பாள், எல்லாரும் இதே மாதிரிதான் சொல்லியிருப்பார்கள். அவளைக் குறை சொல்ல முடியாது.

"அவர் இப்போதும் உங்களோடு தொடர்பு வைத்திருக்கிறாரா?" என்று கேட்டாள்.

"ஆமாம். தினமும் பேசுகிறார்" என்றேன். சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.